பள்ளிக்கு வந்த தாதி

தலையில் பேனும் உடலில் சிரங்கும் கண்டால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவது ஒரு காலத்தில் நியூயார்க் நகரப் பள்ளிகளின் வழக்கம். மருந்திடுவார் இல்லை, படிப்பும் கெட்டது. 1902 அக்டோபரில் லில்லியன் வால்ட் அம்மையார், லீனா ரோஜர்ஸ் என்னும் தாதியை நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். லீனா பள்ளியிலேயே புண்ணுக்கு மருந்திட்டார். வீடு தேடிச் சென்று தாய்க்கும் சொல்லிக்கொடுத்தார். 1902 செப்டம்பரில் 10,567 முறை பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டனர். மறு ஆண்டு செப்டம்பரில் 1,101 முறைதான். புண் ஆறியதோடு, ஒதுக்கப்பட்ட மனமும் தேறியிருக்கும் அல்லவா?

நம் மலேசியாவிலும் 2010-இல், 13 வயது மாணவியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடத் தாதியர் பள்ளிக்கே வந்தனர். வயதுக்கு வந்த பிள்ளை நம்மிடம் சொல்லக் கூசுவதைத் தாதியிடம் சொல்லலாம். சொல்லட்டும், நாம் தடுக்காதிருப்போம்.