பத்து மில்லிமீட்டர்

இங்கே அமெரிக்காவில் ஒரு கராஜ் சேலில் 20 டாலருக்கு வாங்கின ரோடு சைக்கிள். 1970கள்ல செஞ்ச ஸ்டீல் ஃப்ரேம். பின் சக்கரம் போயிடுச்சு. புதுசு வாங்கி மாட்டினா உள்ளே நுழையவே மாட்டேங்குது. கடையில கேட்டா ஃப்ரேமைத் தூக்கிப் போடச் சொன்னாங்க. மனசு கேக்கலை. ஏன் நுழையலைன்னு தோண்டினப்போ கிடைச்சதுதான் இந்தக் கதை.

பின் ஹப்போட ரெண்டு லாக்நட்டுக்கும் நடுவுல உள்ள அகலம்தான் கணக்கு. பின்னால 5 பல்சக்கரம் இருந்த காலத்துல அது 120 மி.மீ. 1970களின் கடைசியில 6, அப்புறம் 7 வந்தப்போ 126 ஆச்சு. 1990 வாக்கில் 8 பல்சக்கரம் வந்ததும் ரோடு சைக்கிளுக்கு 130.

ஏன் அகலப்படுத்தணும்? பல்சக்கரம் எல்லாம் வலது பக்கம் உட்காருது. எண்ணிக்கை கூடக் கூட, வலது பக்க ஸ்போக்ஸ் சாய்வு குறைஞ்சு செங்குத்தா நிக்கும். சக்கரம் வலுவிழந்து அடிக்கடி கோட்டம் ஆகும். ஜப்பானின் சன்டூர் கம்பெனி, பல்சக்கரங்களை நெருக்கி வச்சு, அஞ்சு உட்கார்ற இடத்துலயே ஆறை அடைச்சுப் பார்த்தாங்க. ஆனா கடைசியில ஜெயிச்சது அகலமான ஹப்தான். பழைய ஃப்ரேம்தான் அநாதையாச்சு.

ஆனா ஸ்டீல் வளையும்! கொஞ்சம் இழுத்தா பழைய இடத்துக்கே திரும்பிடும். ஒரு எல்லையைத் தாண்டி இழுத்தா அப்படியே நின்னுடும். அலுமினியத்துலயும் கார்பன்லயும் இந்த வேலையே கூடாது, விரிசல் விடும்.

இதை ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர்கள்ல முக்கியமானவர் மாசசூசெட்ஸ் மெக்கானிக் ஷெல்டன் பிரவுன். 2008-ல காலமாயிட்டார். அவர் வழி ரொம்ப எளிமை. ஒரு நீளமான மரக்கட்டை, கொஞ்சம் நூல், அவ்வளவுதான். கட்டையை நெம்புகோலா வச்சு ஒவ்வொரு பக்கமா வளைக்கணும். ரெண்டையும் சேர்த்து இழுத்தா, வலுக் குறைஞ்ச பக்கம்தான் அதிகமா நகரும்.

நான் அவசரக்குடுக்கை. சேர்த்துதான் இழுத்தேன் :-) 130 வந்துடுச்சுன்னு ஒரே சந்தோஷம். அப்புறம் பின்பக்கம் ஆக்சில் உட்கார்ற இடத்துல நூலைக் கட்டி, முன்னால ஹேண்டில்பார் குழாயைச் சுத்தி, மறுபக்கம் கொண்டு வந்து கட்டினேன். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரம் ஒரு பக்கம் 31, இன்னொரு பக்கம் 33. அப்படியே விட்டிருந்தா பின் சக்கரம் முன் சக்கரத்தோட நேர்கோட்டுல வராம, சைக்கிள் ஒரு பக்கமா இழுக்கும்.

மறுபடி கட்டையை எடுத்து, ஒவ்வொரு பக்கமா, கொஞ்சம் கொஞ்சமா வளைச்சேன். ராத்திரி பதினோரு மணிக்கு ரெண்டு பக்கமும் 32. ஆக்சில் பிடிக்கிற ரெண்டு தகடும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும், இல்லேன்னா ஆக்சில் வளைஞ்சு முறியும். அதையும் சரி பண்ணினேன்.

காலையில சக்கரம் சத்தமில்லாம உள்ளே போச்சு. ஹேண்டில்பாரைப் பிடிக்காம தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். நேராப் போச்சுங்க.