கருவிழிப் புண்ணும் அழற்சி தணிப்பும்

கருவிழியில் ஏற்பட்ட புண் முற்றிலும் ஆறிய பிறகும் பார்வை திரும்பாமல் போவதுண்டு. கிராமங்களில் இதைக் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்பார்கள். கிருமி அழிந்திருக்கும், ஆனால் அதை எதிர்க்க உடல் உண்டாக்கிய அழற்சி, கண்ணாடி போன்ற படலத்தில் வெண்ணிறத் தழும்பை விட்டுச் சென்றிருக்கும். இந்த அழற்சியை மருந்தால் தணிக்கலாமா, தணித்தால் கிருமிக்கு வழிவிட்டது போலாகுமா என்பது அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த விவாதம். அதில் மதுரைக்கு முக்கியமான இடம் உண்டு.

1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச், கடும் முடக்குவாதத்தால் அவதிப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் கண் மருத்துவர்களும் இம்மருந்தைக் கையில் எடுத்திருந்தார்கள். சிவந்து நீர் வடியும் கண் ஓரிரு நாளில் வெளுத்ததைக் கண்டவர்களுக்கு அது அற்புதமாகவே தோன்றியது.

அந்த உற்சாகம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஹெர்ப்பீஸ் நுண்கிருமியால் வரும் புண் முதலில் கிளைவிட்ட மரம் போன்ற மெல்லிய கோடாக இருக்கும். கார்ட்டிசோன் சொட்டுக்குப் பிறகு அது நிலப்படம் போல அகன்று பரவியது. பூஞ்சைப் புண்களிலும் இதே கதைதான். போதாக்குறைக்கு, ஸ்டீராய்டு கருவிழியின் மேல்தோல் வளர்ந்து புண்ணை மூடுவதையும் மந்தப்படுத்துகிறது என்பது விலங்குச் சோதனைகளில் தெரியவந்தது. புண்ணுள்ள கண்ணுக்கு ஸ்டீராய்டு ஆகாது என்ற எச்சரிக்கை இப்படித்தான் பிறந்தது.

அழற்சி ஏன் கெடுதல் செய்கிறது என்பதற்கு விளக்கம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. தவளையாக மாறும் தலைப்பிரட்டையின் வால் எப்படிக் கரைந்து மறைகிறது என்று ஆராய்ந்த ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாப்பியேரும் 1962இல் கொல்லாஜனைக் கரைக்கும் நொதியைக் கண்டறிந்தார்கள். கருவிழியின் பெரும்பகுதி கொல்லாஜன் இழைகளே. புண்ணில் குவியும் வெள்ளையணுக்கள் இத்தகைய நொதிகளை வெளியிடுவதால், கிருமி செத்த பின்னும் படலம் உருகிக்கொண்டே போகலாம் என்பது பின்னர் புரிந்தது. அதே 1962இல் ஹெர்பர்ட் காஃப்மன் ஹெர்ப்பீஸ் கண்புண்ணுக்கு ஐடாக்ஸுரிடின் என்ற மருந்தை அறிமுகப்படுத்தினார். கிருமியை ஒரு மருந்தால் கட்டிப்போட்டுவிட்டு, அழற்சியை இன்னொன்றால் தணிக்கலாம் என்ற எண்ணத்துக்கு இப்போது அடிப்படை கிடைத்தது.

அமெரிக்காவில் ஹெர்ப்பீஸ் கண்நோய் ஆய்வு 1994இல் இதை உறுதிப்படுத்தியது. கருவிழியின் உள்ளடுக்கு அழற்சி கொண்ட 106 பேரில், நுண்கிருமி மருந்தோடு ஸ்டீராய்டும் பெற்றவர்களுக்கு நோய் நீடிப்பதோ முற்றுவதோ 68 விழுக்காடு குறைந்தது. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்வையை அளந்தபோது இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. இதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

பாக்டீரியாப் புண்ணுக்கு விடை தேட நிறைய நோயாளிகள் தேவைப்பட்டார்கள். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று 1990களில் கணக்கிடப்பட்டது. அமெரிக்காவின் மினசோட்டாவில் கண்டதைப் போல இது ஏறக்குறைய பத்து மடங்கு. 1994இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் புண்ணுடன் வந்த 434 பேரில் 65 விழுக்காட்டினருக்கு முன்னதாகக் கண்ணில் அடிபட்டிருந்தது. நெல் தாளோ தூசியோ உரசினாலே போதும். பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறத்தாழச் சரிபாதியாக இருந்தன. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு இங்கே எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்தப் பாதிக் கணக்கே காட்டுகிறது.

2006 முதல் 2010 வரை, அரவிந்தின் மதுரை, கோவை, திருநெல்வேலி மருத்துவமனைகளும் இரண்டு அமெரிக்க மையங்களும் சேர்ந்து 500 நோயாளிகளிடம் சோதனை நடத்தின. மருத்துவர் மு. சீனிவாசனும் கலிஃபோர்னியாவின் தாமஸ் லீட்மனும் இதில் முன்னின்றார்கள். பாக்டீரியா என்று ஆய்வகத்தில் உறுதியானவர்களே சேர்க்கப்பட்டனர். எல்லோருக்கும் முதல் 48 மணி நேரம் மாக்ஸிஃப்ளாக்சசின் மட்டும். அதன் பிறகு பாதிப்பேருக்கு பிரெட்னிசலோன், மீதிப்பேருக்கு மருந்தற்ற சொட்டு.

2012இல் வெளியான முடிவு இரு தரப்பையும் ஏமாற்றியது. மூன்று மாதம் கழித்துச் சராசரிப் பார்வையில் வேறுபாடு இல்லை. அஞ்சியபடி ஆபத்தும் கூடவில்லை. ஆனால் தொடக்கத்தில் எதிரே நீட்டிய விரல்களை எண்ணுமளவுக்கோ அதற்கும் குறைவாகவோ பார்வை இருந்தவர்கள், ஸ்டீராய்டு பெற்றபோது பார்வைப் பலகையில் ஒன்றரை வரிக்கும் மேல் கூடுதலாகப் படித்தார்கள். நோகார்டியா என்ற பாக்டீரியாவால் புண் வந்தவர்களுக்கோ தழும்பு பெரிதாகியது. அவர்களைத் தவிர்த்து ஓராண்டுக்குப் பின் கணக்கிட்டபோது, மற்றவர்களுக்கு ஸ்டீராய்டு பயனளித்திருந்தது.

அதனால்தான் புண்ணைச் சுரண்டி எடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, பூஞ்சை இழை தெரிகிறதா என்று முதலில் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அது தெரிந்தால் ஸ்டீராய்டு புட்டி திறக்கப்படுவதில்லை.