கார் இன்ஜினைப் பிரிச்சாச்சா? பேரிங் செட் வாங்கும் முன் இதைக் கவனியுங்கள்

"இன்ஜினைப் பிரிச்சாச்சு சார், பேரிங் செட் வாங்கிட்டு வந்துடுங்க" என்று மெக்கானிக் போனில் சொன்னால், உடனே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். "கிராங்க்‌ஷாஃப்டை அளந்தாச்சா?" என்று முதலில் கேளுங்கள். அளக்காமல் மாட்டிய பேரிங் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தேய்ந்துபோகலாம். மோசமானால் கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கையே ஓட்டை போட்டுவிடும். அப்புறம் ரிப்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை, வேறு இன்ஜின்தான் தேட வேண்டும்.

பந்து இல்லாத பேரிங்

பேரிங் என்றதும் சக்கரத்தில் இருக்கும் பால் பேரிங்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கார் இன்ஜினுக்குள் இருப்பது வேறு. பாதி வளையம் போன்ற இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், அவ்வளவுதான். கிராங்க்‌ஷாஃப்டை பிளாக்கில் தாங்குபவை மெயின் பேரிங். கனெக்டிங் ராடின் பெரிய முனையில் இருப்பவை பிக் எண்ட் பேரிங். கிராங்க் முன்பின் நகராமல் தடுக்க த்ரஸ்ட் வாஷரும் உண்டு.

இன்ஜின் ஓடும்போது கிராங்க் இந்தத் தகட்டின் மேல் நேரடியாக உரசாது. இடையில் பரவும் ஆயில் படலத்தில் மிதந்து சுற்றும். அந்தப் படலத்துக்கான இடைவெளி பல சிறிய பெட்ரோல் கார்களில் 0.02 முதல் 0.04 மில்லிமீட்டர் வரைதான். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு! இடைவெளி அதிகமானால் ஆயில் ஓரமாக ஒழுகி பிரஷர் விழும், 'டக் டக்' என்று அடிக்கும். குறைந்தால் ஆயில் நுழையாது, சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

எந்த சைஸ்?

கிராங்க்கின் ஜர்னல்களை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும், அதுவும் பல இடங்களில், பல கோணங்களில். தேய்மானம் எப்போதும் வட்டமாக இருப்பதில்லை. பல சிறிய கார்களில் 0.01 மில்லிமீட்டர் கோணல்தான் எல்லை. உங்கள் காருக்கு என்ன என்பதை சர்வீஸ் மேனுவல் சொல்லும்.

எல்லைக்குள் இருந்தால் ஸ்டாண்டர்டு சைஸ் போதும். தாண்டியிருந்தால் கிராங்க்கை கிரைண்டிங் செய்து 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் குறைப்பார்கள். அதற்குப் போடும் பேரிங்கின் பெயர் 'அண்டர்சைஸ்'. இங்கேதான் குழப்பம் வரும். குறைந்தது கிராங்க், பேரிங் தகடோ முன்பைவிடத் தடிமன். 0.25 அண்டர்சைஸ் என்றால் ஒவ்வொரு தகடும் 0.125 மில்லிமீட்டர் கூடுதல். பிஸ்டனுக்குச் சொல்லும் 'ஓவர்சைஸ்' கணக்கை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சில இன்ஜின்களில் கிராங்க்கின் மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்டிருக்கும். தேய்த்தால் அந்தப் பூச்சே போய்விடும் என்பதால் அவற்றுக்கு அண்டர்சைஸ் பேரிங்கே கிடைக்காது. ஆகவே கிரைண்டிங் கொடுப்பதற்கு முன்பே, அந்த சைஸில் பேரிங் கிடைக்குமா என்று கடையில் விசாரித்துவிடுங்கள்.

ஸ்டாண்டர்டிலும் பல ரகம் இருக்கலாம். எஸ்டீம், பழைய ஜென் போன்றவற்றில் வந்த சுஸுகி ஜி வரிசை இன்ஜின்களின் மெயின் பேரிங் ஐந்து தடிமன்களில் வரும். பச்சை, கருப்பு, நிறமில்லாதது, மஞ்சள், நீலம் என்று ஓரத்தில் பெயின்ட் அடையாளம் இருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 0.003 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கிராங்க்கிலும் பிளாக்கிலும் பொறித்த குறிகளைச் சேர்த்துப் பார்த்து எந்த நிறம் என்று முடிவுசெய்வார்கள். 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

பழைய பேரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள்

கழற்றிய தகட்டின் முதுகில் எஸ்டிடி என்றோ 025 என்றோ பொறித்திருக்கும். 025 என்றால் கிராங்க் ஏற்கெனவே ஒருமுறை கிரைண்டிங் பார்த்தது என்று அர்த்தம். 'இன்ஜினைத் தொட்டதே இல்லை' என்று சொல்லி விற்றவரின் பேச்சு அப்போது வெளுத்துவிடும்.

தேய்மானமும் கதை சொல்லும். துகள் பதிந்த கீறல்கள் என்றால் ஆயிலில் அழுக்கு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கலாம். ஆயில் கிடைக்காமல் காய்ந்து உரசிய தடம் இருந்தால் ஆயில் பம்பைப் பார்க்க வேண்டும். காரணத்தைச் சரிசெய்யாமல் புது பேரிங் போட்டால், அதுவும் அதே வழியில்தான் போகும்.

எந்த உலோகம் என்பதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். அலுமினியம்-தகரப் பூச்சோ, செம்பு கலந்த மூன்றடுக்கோ, அந்த இன்ஜினுக்கு நிறுவனம் கொடுத்த ரகத்தையே வாங்குங்கள். பார்ட் நம்பரை ஒப்பிட்டு, ஜிஎஸ்டி பில்லோடு வாங்கினால் போலி மாட்டும் வாய்ப்பு குறையும்.

மாட்டும்போது

தகட்டின் முதுகில் ஆயில் தடவக்கூடாது, காய்ந்திருக்க வேண்டும். கிராங்க் படும் பக்கத்துக்குத்தான் ஆயில். ஆயில் துளை உள்ள தகடு, பிளாக்கின் துளைக்கு நேராக உட்கார வேண்டும். போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில்தான் இறுக்க வேண்டும், கை அனுபவம் இங்கே உதவாது. முழுதாக மூடும் முன் பிளாஸ்டிகேஜ் வைத்து இடைவெளியைச் சோதிக்கச் சொல்லுங்கள். மெழுகு மாதிரியான மெல்லிய இழை அது. வைத்து இறுக்கிக் கழற்றினால், நசுங்கிய அகலம் இடைவெளியைக் காட்டும். அந்த நேரத்தில் கிராங்க்கைச் சுற்றக்கூடாது.

சத்தம் தெரியாமல் இருக்க கெட்டி ஆயில் ஊற்றுவதும் நடக்கிறது. நிறுவனம் சொன்ன கிரேடைத் தாண்ட விடாதீர்கள். முதல் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றும்போது, பழைய ஃபில்டரை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பளபளக்கும் உலோகத் துகள் நிறைய இருந்தால், வண்டியை அதற்கு மேல் ஓட்டாமல் ஆயில் சம்ப்பைக் கழற்ற வேண்டும்.