வழுவின் கடுமை: கர்ல் சர்ச்சை

ஒரு மென்பொருள் வழு எவ்வளவு ஆபத்தானது என்பதில் அதைப் பட்டியலிடுபவரும் பராமரிப்பவரும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. திறமூல உலகில் இதற்குத் தெளிவான சான்று, இணையவழித் தரவைக் கொண்டுசெல்லும் கர்ல் கருவி.

2019இல் அதில் ஒரு சிறு வழு திருத்தப்பட்டது. மறுமுயற்சிக்கு முன் காத்திருக்கும் நேரத்தை மிகப் பெரிய எண்ணாகக் கொடுத்தால் கணக்கு பிசகி, காத்திருப்பு மாறிவிடும், அவ்வளவுதான். 2023 ஆகஸ்டில் அதுவே, மென்பொருள் பாதுகாப்புக் குறைகளுக்கு எண் இட்டுப் பட்டியலிடும் சிவிஇ (CVE) முறையில் ‘சிவிஇ-2020-19909’ என்ற பாதுகாப்புக் குறையாக வெளியானது. அமெரிக்காவின் தேசியப் பாதிப்புத் தரவுத்தளம் அதற்கு 10க்கு 9.8 மதிப்பெண் இட்டது!

கர்லை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க், இது பாதுகாப்புக் குறையே அல்ல என்று வெளிப்படையாக மறுத்தார். பிறகு மதிப்பெண் 3.3 ஆனது. நிரலை அறிந்தவரைக் கேளாமல் மதிப்பெண் இடுவது பெரும் அநீதி.

இத்தகைய சிக்கலைத் தவிர்க்க, 2024 ஜனவரி முதல் கர்ல் திட்டமே தன் குறைகளுக்குச் சிவிஇ எண் வழங்கிவருகிறது.