மயக்க மருந்தும் மழலையர் மனமும்

கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள கடலோர முஸ்லிம் ஊர்களில் சிறுவர்க்குச் செய்யப்படும் விருத்தசேதனம் 'சுன்னத்துக் கலியாணம்' என வழங்கலாயிற்று. கத்தி பிடித்தவர் ஒஸ்தா. ஆயினும் அச்சடங்கின் பெரும்பகுதி கத்தியோடு தொடர்புடையதன்று. புத்தாடையும் விருந்தும் உறவினர் கூட்டமும் சிறுவனைச் சூழ்ந்து நின்றன. நோவை நீக்கும் மருந்து கைக்கெட்டாத காலத்தில், அச்சத்தைத் தணிக்கும் வழியொன்றை அச்சமூகம் கைக்கொண்டிருந்தது என்க.

மேனாட்டு மருத்துவம் சென்ற நெறி வேறு. 1846 ஒக்டோபர் 16 ஆம் நாள் பொஸ்டன் நகரில் வில்லியம் மோர்ட்டன் ஈதர் ஆவியால் நோயாளி ஒருவரை மயக்கி, நோவற்ற சத்திரசிகிச்சையை உலகறியச் செய்தார். மறு ஆண்டு எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபோமைக் கையாண்டார். நோவு வெல்லப்பட்டது; அச்சமோ வெல்லப்படவில்லை. 1848 சனவரி 28 இல் இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு அண்மையில், ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி கால்விரல் நகமொன்றை அகற்றுதற்காகக் குளோரோபோமை முகர்ந்தாள். சில நிமிடங்களில் உயிர் நீத்தாள். சிகிச்சைக்கு முன் அவள் அஞ்சி அழுதமை பதிவாகியுள்ளது. அம்மரணத்தின் காரணம்பற்றி மருத்துவர் நெடுங்காலம் வாதிட்டனர். அவ்வாதம் பெரும்பாலும் மருந்தையும் மூச்சையும் இதயத்தையும் பற்றியதாகவே அமைந்தது.

குழந்தையின் மனம் ஆராய்ச்சிப் பொருளாதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. 1945 இல் அமெரிக்க உளமருத்துவர் டேவிட் லெவி, சத்திரசிகிச்சைக்குப் பின் சிறுவரிடம் தோன்றும் இரவுப் பேரச்சம், தாயை விட்டகலாமை, பிடிவாதம் முதலியவற்றை எடுத்துரைத்தார். போர்முனையில் மனம் சிதைந்த வீரர் நிலையோடும் அவற்றை ஒப்புநோக்கினார். 1952 இல் ஜேம்ஸ் ரொபர்ட்சன், தாயைப் பிரிந்து சிகிச்சை பெற்ற இரண்டு வயதுக் குழந்தையின் துயரைத் திரைப்படமாக்கினார். 1959 இல் சேர் ஹரி பிளாற் தலைமையில் வெளிவந்த பிரித்தானிய அறிக்கை, பெற்றோர் தடையின்றிப் பிள்ளையைக் காணவும், இளங்குழந்தையோடு தாய் தங்கவும், வைத்தியசாலைக்குச் செல்லுமுன் பிள்ளையை ஆயத்தஞ் செய்யவும் வேண்டுமென விதந்துரைத்தது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? ஊர்ச் சடங்கு துணையை அளித்தது, நோவை அகற்றவில்லை. மருந்து நோவை அகற்றியது, துணையை மறந்தது. இரண்டும் ஒருங்கே வேண்டற்பாலன. "கடற்கரைக்குப் போகிறோம்" என்று சொல்லிப் பிள்ளையை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், அன்றைய அழுகையைத் தவிர்க்கக்கூடும். ஆனால் அடுத்த முறை அவர் கூறும் மெய்யையும் பிள்ளை நம்பாது. உணவு ஏன் தரப்படவில்லை, முகமூடி எதற்கு, விழிக்கும்போது அருகில் யார் இருப்பர் என்பவற்றை அதன் வயதுக்கேற்ற எளிய சொற்களில் முன்னரே கூறுதல் தகும். முகமூடியைக் கையில் வாங்கிப் பாவைக்கு வைத்து விளையாடிய பிள்ளைக்கு அது புதிய பொருளன்று. கண் மூடும்வரை உம்மாவின் கை தன் கையில் இருப்பின், அதுவே அப்பிள்ளைக்கு முதல் மருந்தாகும்.