தந்தை பெயர் எழுதாத ஏடு: டி.என்.ஏ. பொருத்தமும் வம்சாவளி மென்பொருளும்

அமெரிக்காவின் 3-வது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் (1743–1826) கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரர். வர்ஜீனியாவில் மான்டிசெல்லோ என்ற தன் பண்ணையில் இருந்த அடிமைகளின் பெயர், பிறந்த வருடம், அவர்களுக்குக் கொடுத்த துணி, போர்வை என்று பலவற்றையும் தன் கையாலேயே ஒரு ஏட்டில் எழுதி வைத்தார். பண்ணை ஏடு என்று அதற்குப் பெயர். சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண்ணின் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். பிள்ளைகளின் பெயர் இருக்கிறது, தாயின் பெயர் இருக்கிறது. தந்தையின் பெயர் மட்டும் இல்லை!

அந்தக் காலியிடத்தில் யார் பெயரை எழுதுவது என்ற சண்டை ஏறக்குறைய 200 வருடம் நடந்தது. கடைசியில் டி.என்.ஏ. சோதனை வந்தது. ஆனால் அதுவும் தனியாக நின்று பதில் சொல்லவில்லை. இன்று வீட்டுக் கம்ப்யூட்டரில் வம்சாவளி மென்பொருளைத் திறந்து, சோதனையில் கிடைத்த உறவுகளைப் பதிகிறவர்கள் எல்லாருக்கும் இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது.

யார் என்ன சொன்னார்கள்?

1802-ல் ஜேம்ஸ் காலெண்டர் என்ற பத்திரிகையாளர், சாலியின் பிள்ளைகளுக்கு ஜெஃபர்சன்தான் தந்தை என்று ரிச்மண்ட் நகரப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். ஜெஃபர்சன் பொதுவில் பதில் சொல்லவே இல்லை. 1873-ல் சாலியின் மகன் மாடிசன் ஹெமிங்ஸ், ஒஹாயோ மாநிலப் பத்திரிகை ஒன்றில் தன் வாழ்க்கைக் கதையைச் சொன்னார். தன் தந்தை ஜெஃபர்சன்தான் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

ஜெஃபர்சனின் பேரப்பிள்ளைகள் சொன்னது வேறு. அவருடைய சகோதரியின் மகன்களான பீட்டர் கார், சாமுவேல் கார் ஆகியோர் மீது அவர்கள் கை காட்டினார்கள். வரலாற்று ஆசிரியர்களில் பெரும்பாலானோர் பேரப்பிள்ளைகள் பக்கமே நின்றார்கள். அடிமையாகப் பிறந்தவரின் வாக்குமூலம் எடுபடவில்லை. ஒரே மாதிரியான இரண்டு குடும்பக் கதைகளை இரண்டு தராசில் நிறுக்கிறார்கள் என்பதை 1997-ல் வந்த தன் புத்தகத்தில் அனெட் கார்டன்-ரீட் என்ற சட்டப் பேராசிரியர் எடுத்துக்காட்டினார்.

1998-ல் நடந்த சோதனை

ஓய்வு பெற்ற நோய்க்குறியியல் மருத்துவர் யூஜின் ஃபாஸ்டர் இதைச் சோதித்துப் பார்க்க முன்வந்தார். அவர் எடுத்துக்கொண்டது ஒய் குரோமோசோம். அது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். நம் பேச்சில் சொன்னால், ரத்த வழிப் பங்காளிகள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே ஒய் குரோமோசோம் இருக்கும். சகோதரி மகனுக்கு அது வராது. ஆகவே ஜெஃபர்சனா, அவருடைய சகோதரியின் மகன்களா என்ற கேள்விக்கு இது பொருத்தமான சோதனை.

ஜெஃபர்சனுக்கு ஆண் வழி வாரிசு இல்லை. அதனால் அவருடைய பெரியப்பா ஃபீல்டு ஜெஃபர்சனின் ஆண் வழி வாரிசுகள் 5 பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். சாலியின் கடைசி மகன் ஈஸ்டனின் ஆண் வழி வாரிசு ஒருவர், கார் குடும்பத்தில் 3 பேர், சாலியின் மூத்த மகன் என்று குடும்ப வழக்கில் சொல்லப்பட்ட தாமஸ் வுட்சனின் வாரிசுகள் 5 பேர் ஆகியோரிடமும் எடுத்தார்கள். 19 அடையாளப் புள்ளிகளை ஒப்பிட்டார்கள்.

முடிவு 1998 நவம்பரில் 'நேச்சர்' இதழில் வந்தது. ஈஸ்டனின் வாரிசு ஜெஃபர்சன் குடும்பத்தோடு பொருந்தினார். அதுவும் அபூர்வமான ஒரு வகை ஒய் குரோமோசோமில்! கார் குடும்பம் பொருந்தவில்லை. வுட்சன் குடும்பமும் ஜெஃபர்சனோடு பொருந்தவில்லை.

ஜெஃபர்சனே தந்தை என்று அடித்துச் சொல்லும் தலைப்போடு அந்தக் கட்டுரை வந்தது. ஆனால் சோதனை சொன்னது அவ்வளவு அல்ல. ஈஸ்டனின் தந்தை ஜெஃபர்சன் குடும்பத்து ஆண் ஒருவர் என்பதுதான் சோதனை சொன்னது. எந்த ஜெஃபர்சன் என்று ஒய் குரோமோசோம் சொல்லாது. அடுத்த சில வாரங்களிலேயே ஃபாஸ்டர் குழுவினரும் இதை அதே இதழில் ஒப்புக்கொண்டார்கள்.

மீதியை முடித்து வைத்தவை பழைய காகிதங்கள். ஜெஃபர்சன் எந்தத் தேதியில் எங்கே இருந்தார் என்ற குறிப்புகளைப் பிள்ளைகளின் பிறந்த தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சாலி கருவுற்ற ஒவ்வொரு முறையும் அவர் மான்டிசெல்லோவில் இருந்திருக்கிறார். அவர் இல்லாத காலத்தில் சாலி கருவுற்றதே இல்லை. மாடிசனின் வாக்குமூலமும் இதோடு ஒத்துப்போனது. பண்ணையை நிர்வகிக்கும் தாமஸ் ஜெஃபர்சன் அறக்கட்டளை, ஈஸ்டனின் தந்தை ஜெஃபர்சனாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு, மற்றப் பிள்ளைகளுக்கும் அநேகமாக அவரே தந்தை என்று 2000 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. எல்லாரும் ஏற்கவில்லை. 2001-ல் வேறொரு அறிஞர் குழு, தம்பி ராண்டால்ஃப் ஜெஃபர்சனாகவும் இருக்கலாம் என்றது. 2002-ல் ஜெஃபர்சன் வாரிசுகளின் சங்கம், ஹெமிங்ஸ் வாரிசுகளை உறுப்பினராகச் சேர்க்க மறுத்து வாக்களித்தது. மான்டிசெல்லோவின் குடும்ப இடுகாட்டில் புதைக்கப்படும் உரிமை அந்தச் சங்கத்து உறுப்பினர்களுக்குத்தான். வம்சாவளியில் ஒரு பெயரைச் சேர்ப்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

கட்டத்துக்குள் அடங்காத உறவு

இனி மென்பொருளுக்கு வருவோம். பிந்நாள் புனிதர்களின் இயேசு கிறிஸ்து திருச்சபை 1984-ல் ஜெட்காம் என்ற கோப்பு வடிவத்தை உருவாக்கியது. வம்சாவளி மென்பொருள்களுக்கு நடுவே தகவல் மாற்றிக்கொள்ள இன்றும் அதுதான் பொது மொழி. அதன் அடிப்படை எளிது: ஒரு ஆள், ஒரு குடும்பம், தந்தை, தாய், பிள்ளை. சான்றுக்கு 0 முதல் 3 வரை நம்பகத்தன்மை மதிப்பெண் போடவும் அதில் வழி உண்டு. ஆனால் டி.என்.ஏ. பொருத்தத்துக்கென்று தனிக் குறிச்சொல் கிடையாது. 2021-ல் வந்த 7.0 பதிப்பிலும் அது வரவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். இன்றைய சோதனைகள் பெரும்பாலும் ஒய் குரோமோசோமோடு நிற்காமல், மற்ற 22 ஜோடி குரோமோசோம்களையும் பார்த்து, இரண்டு பேருக்கு எவ்வளவு பொது என்பதைச் சென்டிமார்கன் அளவில் சொல்கின்றன. பெற்றோர்–பிள்ளை என்றால் சுமார் 3,500. ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்றால் சராசரி 870-க்குப் பக்கம். ஆனால் 1,750 என்று வந்தால்? அது தாத்தாவாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், தந்தை ஒருவராகவும் தாய் வேறாகவும் உள்ள சகோதரராகவும் இருக்கலாம். மூன்றுக்கும் சராசரி ஏறக்குறைய ஒன்றுதான்! சித்தப்பா மகனா, அத்தை மகனா, மாமா மகனா என்றும் எண் சொல்லாது. தந்தை, தாய் என்ற கட்டத்துக்குள் அந்த எண்ணை எங்கே எழுதுவது?

எப்படிப் பதிவது?

2001-ல் தொடங்கிய கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளின் வழி நல்ல முன்மாதிரி. அதில் இரண்டு ஆட்களுக்கு நடுவே 'தொடர்பு' என்று ஒன்றைப் போட்டு, டி.என்.ஏ. என்று பெயர் கொடுக்கலாம். எந்தக் குரோமோசோம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை சென்டிமார்கன் என்பதை அதன் குறிப்பில் எழுதினால், ஒரு துணை நிரல் அதைப் படமாக வரைந்து காட்டும். வம்சாவளிக் கோடு எதுவும் மாறாது. மற்ற மென்பொருள்களிலும் குறிப்புப் பகுதியை வைத்து இதையே செய்யலாம். கவனிக்க வேண்டியவை:

1. பொருத்தத்தையும் ஊகத்தையும் தனித்தனியாக எழுதவேண்டும். எந்த நிறுவனம், என்றைக்குப் பார்த்தது, எத்தனை சென்டிமார்கன், எத்தனை துண்டுகள் என்பது பொருத்தம். இன்ன தாத்தா வழியில் உறவு என்பது ஊகம்.

2. பொருந்தாததையும் எழுதவேண்டும். கார் குடும்பம் பொருந்தவில்லை என்ற முடிவுதான் நூறு வருடத்துக்கு மேல் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதையைச் சாய்த்தது.

3. இணையத்தில் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. ஆன்செஸ்ட்ரி நிறுவனம் 2020-ல் 8 சென்டிமார்கனுக்குக் குறைந்த பொருத்தங்களை நீக்கியது. பயனர் குறிப்பு எழுதி வைத்திருந்தவை தப்பின! 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-ல் தகவல் திருட்டு நடந்தது. அதன்பின் துண்டு விவரங்களைப் பார்க்கும் வசதியையே அங்கே எடுத்துவிட்டார்கள். 2025-ல் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்து, பிறகு கைமாறியது.

4. உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை மறைத்துவிட்டே கோப்பை அடுத்தவருக்குத் தரவேண்டும். பொருந்தியவர் தன் விவரத்தைத் தந்தது ஒருவரிடம்தான், ஊருக்கு அல்ல.

5. தந்தை, தாய் என்ற கோட்டைப் போடுவதற்கு முன் சோதனை, காகிதம், குடும்பத்தார் சொல் மூன்றும் சேர்கின்றனவா என்று பார்க்கவேண்டும். சேரவில்லை என்றால் தனிக் கிளையாகவே விட்டு வைக்கலாம். அதில் குற்றம் ஒன்றுமில்லை.

இந்த முறையில் ஈஸ்டனின் பக்கத்தைத் திறந்தால் என்ன இருக்கும்? தந்தை தாமஸ் ஜெஃபர்சன். அதன் கீழே 1998-ம் வருடப் பொருத்தம், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்ற குறிப்பு. அதற்கும் கீழே வருகைத் தேதிகள், அண்ணன் மாடிசனின் வாக்குமூலம், தம்பி ராண்டால்ஃபைச் சொன்னவர்களின் மறுப்பு. படிக்கிறவர் தானே நிறுத்துப் பார்க்கலாம்.

அறக்கட்டளை 2018-ல் இந்த விஷயத்தை முடிந்த ஒன்றாக எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. அதே வருடம் மான்டிசெல்லோவில் சாலி ஹெமிங்ஸுக்கென்று ஒரு கண்காட்சி அறை திறக்கப்பட்டது. பண்ணை ஏட்டில் விடப்பட்ட பெயரை அங்கே போகிற எவரும் இன்று படிக்கலாம். மாடிசன் 1873-லேயே சொன்ன பெயர்தான் அது.