கல்வெட்டும் சீட்டு நோட்டும்

மாட்டுங்காவில் மூன்று ஆண்டுகள் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வாடகை கட்டுப்படியாகாமல் தாராவிக்கு மாறினேன். 90 அடி சாலையை ஒட்டிய சந்தில், ஏணியில் ஏறிப் போக வேண்டிய மேல்மாடி அறை. இரண்டு இடத்துக்கும் இடையே மத்திய ரயில் பாதையும் கொஞ்ச தூர நடையும்தான். இரண்டிலும் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் கொடுக்கிற முறையும் வாங்குகிற முறையும் வேறாக இருந்தன.

1896 பிளேக்குக்குப் பிறகு நகர விரிவாக்கத்துக்காகத் திட்டமிட்டு எழுப்பிய பகுதி மாட்டுங்கா. குமாஸ்தா வேலை தேடி வந்த தென்னிந்தியர்கள் அங்கே குடியேறினார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பொதுக் காரியம் செய்தார்கள். 1932-இல் சிறு பள்ளியாகத் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் இன்று பல கல்லூரிகளை நடத்துகிறது. 1952-இல் சண்முகானந்தா சபை உருவானது. அங்குள்ள கோயில்களில் கொடையாளர் பெயர்கள் சலவைக்கல்லில் வரிசையாக இருக்கும். தரிசனத்துக்குக் காத்திருக்கும்போது அவற்றை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். கல்லில் பெயர் பொறிப்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. அதைப் படிக்கிற அடுத்தவருக்கும் கொடுக்கத் தோன்றும். இனி வரப்போகிற முகம் தெரியாத பிள்ளைக்காகப் பள்ளி கட்டுவது பெரிய மனசு.

தாராவியில் எனக்குக் கீழ்வீட்டில் இருந்தது ஓர் இட்லிக் குடும்பம். திருநெல்வேலிப் பக்கம். தோல் பதனிடும் தொழிலுக்காக அந்தச் சீமையிலிருந்து மக்கள் வரத் தொடங்கி நூறாண்டுக்கு மேல் ஆகிறது. இந்தக் குடும்பம் பின்னால் வந்தது. அண்ணன் விடியற்காலையில் சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி போவார். அக்கா இரவு மூன்று மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவார். நான் குடிவந்த மறுநாள் ஒரு தூக்குவாளியில் இட்லியும் சட்னியும் மேலே வந்தன. வாளியைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்து, “ரொம்ப நன்றிக்கா” என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. “என்ன தம்பி, அன்னியமாப் பேசுத?” என்றார்.

அந்த வாளியை நான் வெறுமனே திருப்பிக் கொடுத்திருந்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. எங்கள் வீட்டிலும் அம்மா அப்படிச் செய்ய மாட்டாள். ஒரு பிடி சர்க்கரையோ முருங்கைக்கீரையோ போட்டுத்தான் கொடுத்தனுப்புவாள். ஊரை விட்டு வந்ததில் அது மறந்துபோயிருந்தது. வள்ளுவர் அதிகாரத்துக்கு வைத்த பெயர் செய்ந்நன்றி அறிதல். நன்றி என்பது அங்கே ஒருவர் செய்த நன்மை. அதை அறிந்திருக்கச் சொன்னார். வாயால் சொல்லிக் கணக்கை முடித்துக்கொள்ள நான் பழகியிருந்தேன்.

சந்தில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து குலுக்கல் சீட்டு போட்டார்கள். மராத்திக்காரர்கள் இதை பிஷி என்பார்கள். ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய். குலுக்கலில் பெயர் வந்தவருக்கு 12,000. மூன்றாம் மாதம் அக்கா பெயர் வந்தது. பெரிய கிரைண்டர் வாங்குவதற்காக அவர் காத்திருந்த பணம் அது. அதே வாரம் எதிர்வீட்டுக்காரர் வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்கா தன் முறையை அந்த வீட்டுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஒன்பதாம் மாதத்துக்குப் போய்விட்டார். ஆறு மாதம் பழைய கிரைண்டரோடு மல்லுக்கட்டினார்.

“அவங்க இனி மாசாமாசம் கட்டாமப் போயிட்டா?” என்று கேட்டேன்.

“அவ எங்க போவா? நான்தான் எங்க போவேன்? பணத்தையா குடுத்தேன் தம்பி, மொறைய மாத்திக்கிட்டோம்.”

இந்த வழக்கத்தையே இயக்கமாகக் கட்டியவர்களும் இந்த நகரத்தில் உண்டு. கோலார் தங்கவயலிலிருந்து இளைஞராக வந்த ஜாக்கின் அற்புதம், செம்பூருக்கு அப்பால் ஜனதா காலனிக் குடிசையில் வாழ்ந்தவர். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், ஏறத்தாழ 70,000 பேர் இருந்த அந்தக் காலனியைக் காலிசெய்து மக்களைச் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பினார்கள். அதை எதிர்த்துப் போராடியவர்களுக்கு முன்னால் நின்றார். 1986-இல் பைக்குல்லா நடைபாதைப் பெண்களிடையே தோன்றிய மகிளா மிலன் அமைப்போடு அவருடைய குடிசைவாசிகள் கூட்டமைப்பு கைகோத்தது. அங்கே சேமிப்பு வசூலிக்கும் பெண் தினமும் வாசல் வாசலாகப் போவாள். கையில் காசில்லாத வீட்டையும் தாண்டிப் போக மாட்டாள். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவளுக்கு அன்றன்றே தெரிந்துவிடும். வங்கி கேட்கிற ஈடு எதுவும் அங்கே தேவைப்படவில்லை. ஜாக்கினுக்கு 2000-இல் மகசேசே விருது கிடைத்தது.

தாராவிக் கொடை எல்லோரையும் எட்டுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் சந்தில் தையல் வேலை செய்த பீகார் பையன்கள் யாரும் அந்தச் சீட்டில் கிடையாது. அவர்களுக்கு யார் ஜாமீன் நிற்பது? ஊரும் சாதியும் தெரிந்தவர் என்ற வளையத்துக்குள்தான் அந்தக் கை நீண்டது. மாட்டுங்காக்காரர்கள் கட்டிய பள்ளிக்கும் கல்லூரிக்கும் அந்த வளையம் கிடையாது. எந்த மொழிப் பிள்ளையும் உள்ளே போகலாம். அக்காவின் மகள் சயானில் அதே சங்கத்தின் கல்லூரியில்தான் சேர்ந்தாள். முதல் வருடக் கட்டணத்துக்கு அடுத்த சுற்றுச் சீட்டு. இந்த முறை எதிர்வீட்டு அம்மா தன் மாதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. வழக்கம்போல வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்கள்.

கல்லூரிக்குக் கொடுத்த முன்னோர்கள் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் படிக்க இடம் இல்லை. எதிர்வீட்டம்மா இல்லாவிட்டால் கட்டணம் இல்லை. எது பெரிது என்று நிறுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் வாங்குகிறவர் தலை குனியாமல் வாங்க முடிந்தது அந்தச் சந்தில்தான் என்று உறுதியாகச் சொல்வேன். நாளைக்குத் தானும் கொடுப்போம் என்று அவருக்குத் தெரியும்.

சீட்டு நோட்டை ஒருமுறை அக்கா என்னிடம் கணக்குப் பார்க்கக் கொடுத்தார். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு, மாவு படிந்த அட்டை. மூன்றாம் மாதத்துக்கு நேரே அக்கா பெயரை அடித்து எதிர்வீட்டம்மா பெயரை எழுதியிருந்தார்கள். அடுத்த சுற்றில் ஓரிடத்தில் எதிர்வீட்டம்மா பெயரை அடித்து அக்கா பெயர். ஏன் என்று எங்கும் எழுதவில்லை.